பிளஸ் ஒன்னில் புதிதாக உளவியல்: முதல் ஆண்டில் எதை வாங்குவது, எதைக் கையாலேயே செய்வது?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் உளவியலைப் புதிதாகத் தொடங்குகிறோம். 24 பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். அஞ்சல்வழியில் எம்.எஸ்ஸி. உளவியல் முடித்திருப்பதால் பாடத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நிர்வாகம் 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. நுண்ணறிவு, ஆளுமை, மனப்பதற்றம் எல்லாவற்றுக்குமான சோதனைகள் அடங்கிய ஒரு பெட்டியை அதே தொகைக்குத் தருவதாக ஒரு கம்பெனி சொல்கிறது. வாங்கலாமா? பாடநூலைத் தவிர வேறு எவற்றைப் பயன்படுத்தலாம்? பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், சிலருக்கு மலையாளம். சில பெற்றோர் இதைக் கவுன்சலிங் வகுப்பு என்று நினைக்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெட்டியை இந்த ஆண்டு வாங்க வேண்டாம். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 என்பது இரண்டு வகுப்புகளுக்கும் பொது. ஆனால் உளவியல் சோதனைகளை நடத்தி மதிப்பெண் கணக்கிடுவது பன்னிரண்டாம் வகுப்பின் வேலை. பதினொன்றில் பிள்ளைகள் செய்ய வேண்டியவை பரிசோதனைகளும் ஒரு சிறு ஆய்வுத் திட்டமும். அவற்றுக்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை ஸ்டேஷனரி கடையிலும் கண்ணாடிக் கடையிலும் கிடைப்பவை.

வேறொரு காரணமும் உண்டு. ஒரு சோதனையில் பிள்ளை எடுக்கும் எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அந்தச் சோதனையை உருவாக்கியவர்கள் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாரிடம் நடத்தித் தயாரித்த ஒப்பீட்டு அட்டவணையோடு வைத்துப் பார்த்தால்தான் அது அதிகமா குறைவா என்று தெரியும். வட இந்திய நகரம் ஒன்றில், இந்தி பேசும் மாணவர்களிடம், பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த அட்டவணையை வைத்துக் குலசேகரத்து மலையோரப் பிள்ளையின் நுண்ணறிவைச் சொல்ல முடியாது. எனவே எந்தச் சோதனையை வாங்குவதாக இருந்தாலும் அதன் கையேட்டை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள். யாரிடம், எந்த வயதில், எந்த மொழியில், எந்த ஆண்டில் அட்டவணை தயாரித்தார்கள் என்ற நான்கு விவரமும் அதில் இருக்க வேண்டும். கையேட்டைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பதில் தாள்கள் தீர்ந்ததும் நகலெடுத்துப் பயன்படுத்துவது பதிப்புரிமை மீறல் என்பதால் அவற்றை ஆண்டுதோறும் வாங்க வேண்டிவரும். முதல் ஆண்டிலேயே பணத்தை அங்கே முடக்கினால் மற்ற எதற்கும் மிஞ்சாது.

முதல் ஆண்டில் உங்கள் பிள்ளைகள் கற்க வேண்டியது, மனத்தின் வேலையை அளந்து பார்க்க முடியும் என்பதையும், அதை அளக்கும்போது எங்கெங்கே தவறும் என்பதையும்தான். 24 பேர் என்பது நல்ல எண்ணிக்கை. இருவர் இருவராக 12 ஜோடி. ஒருவர் பரிசோதகர், மற்றவர் பங்கேற்பாளர், பிறகு இடம் மாறிக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாளாவது இரண்டு பீரியட் அடுத்தடுத்து வரும்படி கால அட்டவணை போடுபவரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். 40 நிமிடத்தில் ஒரு பரிசோதனையை விளக்கி, நடத்தி, தரவைப் பலகையில் எழுதி முடிக்க முடியாது. இந்தப் பாடத்துக்கு நிர்வாகம் தரக்கூடிய மிகப் பெரிய வளம் அந்த இரட்டைப் பீரியட்தான்.

வாங்க வேண்டியவை: டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச் 6 (பள்ளியில் செல்போனுக்கு அனுமதி இருக்காது; ஓட்டத்துக்கான ஸ்டாப்வாட்ச் விளையாட்டு ஆசிரியரிடம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்), 30 செ.மீ. மர ஸ்கேல் 12, தடித்த அட்டை, வெள்ளைச் சார்ட், நான்கு நிற ஸ்கெட்ச் பேனா, வரைபடத் தாள், ஏறக்குறைய 20-க்கு 25 செ.மீ. அளவில் முகக் கண்ணாடி 4. கண்ணாடிக் கடையில் வெட்டும்போதே நான்கு விளிம்பையும் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். மீதியை ஆசிரியர்க்கான புத்தகங்களுக்கும் ஒரு கல்விப் பயணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் பரிசோதனையாக ஸ்ட்ரூப்பை எடுங்கள். கவனம் என்ற பாடத்துக்கு இதைப் போலப் பலன் உடனே தெரிவது வேறில்லை. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-ல் வெளியிட்டது. வெறும் வண்ணக் கட்டங்கள் 100-ஐப் பெயர் சொல்ல அவருடைய மாணவர்களுக்குச் சராசரியாக 63.3 வினாடி ஆனது. வேறொரு நிறத்தின் பெயரை எழுதிய சொற்களில் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னபோது 110.3 வினாடி ஆனது. படிப்பது நமக்குத் தானாக நடக்கும் வேலையாகிவிட்டதால் அதை நிறுத்திவைக்க முடிவதில்லை.

செய்முறை இது. ஒரு சார்ட் அட்டையில் 5 பத்தி, 8 வரிசையாக 40 இடம் பிரியுங்கள். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என நான்கு நிறம், ஒவ்வொன்றும் 10 முறை. மஞ்சளைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளை அட்டையில் மஞ்சள் ஸ்கெட்ச் பேனா எழுத்து ஓரடி தள்ளியே தெரியாது. அடுத்தடுத்து ஒரே நிறம் வரக் கூடாது. முதல் அட்டையில் நிறக் கட்டங்கள் மட்டும். இரண்டாவதில் தமிழில் நிறப்பெயர்கள், ஒவ்வொன்றும் வேறு நிற மையில். மூன்றாவதில் அதே பெயர்கள் மலையாள எழுத்தில். எல்லா அட்டைக்கும் பதில் தமிழில்தான் சொல்ல வேண்டும்.

இந்த மூன்றாவது அட்டையை உங்கள் மாவட்டத்தில்தான் இவ்வளவு நன்றாகச் செய்ய முடியும். இந்த நான்கு நிறப்பெயர்களும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே ஒலியில் இருப்பவை. மாறுவது எழுத்து மட்டும். மலையாளம் சரளமாகப் படிக்கும் பிள்ளை மூன்றாவது அட்டையிலும் தடுமாறும். வீட்டில் மலையாளம் பேசினாலும் எழுத்தைக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குத் தடுமாற்றம் குறையும். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அது வெறும் வண்ணக் கோடு, முதல் அட்டையின் நேரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஒருவருக்குப் படிப்பு எந்த அளவுக்குத் தானியங்கியாகி இருக்கிறது என்பதை நேரமே காட்டிக்கொடுக்கும். பரிசோதனைக்கு முன்பே யார் யார் மலையாளம் படிப்பார்கள் என்று மூன்று பிரிவாகப் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவைப் பார்த்த பிறகு பிரித்தால் அது ஆய்வு ஆகாது, இதையும் அவர்களிடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தவறும் இடங்கள் நான்கு. 12 ஜோடியும் ஒரே அறையில் உரக்கச் சொன்னால் பக்கத்து ஜோடியின் நிறப்பெயர் காதில் விழுந்து எல்லாம் குழம்பும். ஒரு நேரத்தில் ஆறு ஜோடி மட்டும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து செய்யட்டும், மற்ற ஆறும் வராந்தாவில் காத்திருக்கட்டும், ஆறு ஸ்டாப்வாட்ச் போதும் என்றதும் இதனால்தான். சில பிள்ளைகள் கண்ணைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிக்கொண்டு வேகமாகச் சொல்வார்கள். அதைக் கூடாது என்று முன்பே அறிவியுங்கள். எல்லோரும் முதல் அட்டையிலிருந்து தொடங்கினால் கடைசி அட்டையின் தாமதம் களைப்பாலா குறுக்கீட்டாலா என்று சொல்ல முடியாது. அதனால் ஜோடிகளைப் பிரித்து வரிசையை மாற்றிக் கொடுங்கள். நான்காவது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பையன் ஒருவன் வகுப்பில் இருக்கலாம். எல்லோர் முன்னும் அது வெளிப்படக் கூடாது. முந்தைய நாளே எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அப்படி யாரும் இருந்தால் நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து முல்லர்-லையர் கோட்டு மயக்கம்: ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள், முனையிலுள்ள அம்புச் சிறகுகளின் திசையால் வேறு வேறு நீளமாகத் தெரிவது. 1889-ல் வந்தது. இதற்கு மரக் கருவி விற்கிறார்கள், ஆனால் அட்டையில் செய்வதே மேல், ஏனென்றால் செய்யும்போதே பிள்ளைக்கு அளவீடு புரிகிறது. தடித்த அட்டையில் 6 செ.மீ. அகல உறை. அதன்மேல் 15 செ.மீ. கோடு, இரு முனையிலும் உள்நோக்கி மடங்கிய 3 செ.மீ. சிறகு. உறைக்குள் நுழையும் பட்டையில் அதே தடிமனில் ஒரு கோடு, அதன் வெளிமுனையில் வெளிநோக்கி விரிந்த சிறகு. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்திலுள்ள சிறகு ஒன்றுக்கு உள்நோக்கியதாகவும் மற்றதற்கு வெளிநோக்கியதாகவும் தெரியும். பட்டையின் பின்புறம் மில்லிமீட்டர் குறியிடுங்கள், பரிசோதகர் மட்டும் பார்க்கும்படி. பங்கேற்பாளர் பட்டையை இழுத்து இரண்டு கோடும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

மொத்தம் 20 முறை. பத்து முறை பட்டையை நன்றாக உள்ளே தள்ளி வைத்துத் தொடங்குங்கள், பத்து முறை நன்றாக வெளியே இழுத்து வைத்து. ஒவ்வொரு பத்திலும் ஐந்து முறை 15 செ.மீ. கோடு இடப்பக்கம், ஐந்து முறை வலப்பக்கம். இருபதின் சராசரிதான் அவர் கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் நீளம். அது 12.3 செ.மீ. என்று வந்தால் பிழை 2.7 செ.மீ., அதாவது 15-இல் 18%. நான்கு பிரிவின் சராசரியையும் தனித்தனியே போட்டுப் பார்த்தால், தொடங்கிய திசையாலும் கை வைத்த பக்கத்தாலும் எவ்வளவு மாறுகிறது என்பது தெரியும். வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள். கவனிக்க வேண்டியது: இடையில் "சரி", "தப்பு" என்று பரிசோதகர் வாயைத் திறக்கக் கூடாது. முடிவைச் சொல்லாவிட்டாலும், பார்க்கப் பார்க்க இந்த மயக்கம் மெல்லக் குறையும். அதனால் முதல் ஐந்தையும் கடைசி ஐந்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டை தளர்வாக இருந்தால் கை எடுத்ததும் நகரும், உறையின் ஓரத்தில் ஒரு அட்டைத் துண்டை உள்ளே ஒட்டி இறுக்கிக்கொள்ளலாம்.

நினைவுப் பாடத்துக்குச் செலவே இல்லை. 15 சொற்களை இரண்டு வினாடிக்கு ஒன்றாகச் சீரான குரலில் வாசியுங்கள். வகுப்பில் பாதிப்பேர் உடனே எழுதட்டும். மற்றவர்கள் 300-லிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து 30 வினாடி எண்ணிவிட்டு எழுதட்டும். எந்த இடத்துச் சொல்லை எத்தனை பேர் எழுதினார்கள் என்று வரைபடம் போட்டால், முதல் குழுவுக்கு இரு முனையும் உயர்ந்து நிற்கும். எண்ணிய குழுவுக்கு முன்முனை மட்டும் மிஞ்சும், பின்முனை சரிந்துவிடும். கிளான்சரும் கூனிட்சும் 1966-ல் காட்டியது இதுதான். கடைசியில் கேட்டவை குறுகிய கால நினைவில் மட்டும் தங்கியிருந்தன என்ற விளக்கத்தை அந்தக் கோட்டை வைத்தே சொல்லலாம். சொல் பட்டியலில் கவனம் தேவை. கடல், வலை, மீன், வள்ளம் என்று அடுத்தடுத்து வைத்தால் குளச்சல் பக்கத்துப் பிள்ளை ஒரே கட்டாகக் கட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, இரண்டு மூன்று எழுத்துச் சொற்களாக எடுங்கள்.

எபிங்ஹாஸ் 1885-ல் செய்த மறதி ஆய்வுக்குப் பொருளற்ற அசைகள் வேண்டும். ஆங்கிலப் பட்டியலை அப்படியே எடுத்தால் ஆங்கிலத்தில் தேர்ந்த பிள்ளைக்குச் சாதகமாகிவிடும். தெபு, ஞோலை, கௌமி, வேழொ என்பதுபோல் தமிழிலேயே 12 செய்யுங்கள். பட்டியலை மலையாளம் தெரிந்த ஒரு பிள்ளையிடம் முதலில் காட்டுங்கள். தமிழில் பொருளில்லாத ஒன்றுக்கு அங்கே பொருள் இருக்கலாம், அல்லது வகுப்பே சிரிக்கும்படி ஏதேனும் ஒலிக்கலாம். சிரித்த சொல் எல்லோர்க்கும் நினைவில் நின்றுவிடும், தரவு கெட்டுவிடும். ஒரு நாள் கழித்தும் ஏழு நாள் கழித்தும் மறுபடி எழுதச் சொல்ல வேண்டியிருப்பதால் நாள்காட்டியைப் பாருங்கள். ஓணம், கோட்டாறு சவேரியார் திருவிழா என்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை வரும் வாரங்களில் இதைத் தொடங்க வேண்டாம். அடைமழைக்கு விடுமுறை விடும் மாதங்களும் அப்படியே.

வாங்கிய கண்ணாடிகள் கைமாற்றப் பயிற்சிக்கு, அதாவது ஒரு கைக்குக் கொடுத்த பயிற்சி மறுகைக்கும் உதவுகிறதா என்று பார்க்க. இரட்டைக் கோட்டு நட்சத்திரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து வரைய வேண்டும், கையை நேராகப் பார்க்க முடியாதபடி ஓர் அட்டை மறைப்பு. இடக்கையால் ஒருமுறை, வலக்கையால் பத்து முறை, மறுபடி இடக்கையால் ஒருமுறை. வலக்கைப் பயிற்சி இல்லாமல் அதே நேரம் ஓய்வெடுத்த குழு ஒன்று இல்லையென்றால் இந்தப் பரிசோதனைக்குப் பொருளே இல்லை. பல பள்ளிப் பதிவேடுகளில் அந்தக் குழு விடுபட்டுப் போகிறது.

மறுவினை நேரத்துக்கு ஸ்கேல் போதும். ஒருவர் மேலே பிடித்து விட, மற்றவர் விரல் இடுக்கில் பிடிக்க வேண்டும். 15 செ.மீ. விழுந்திருந்தால் 0.175 வினாடி, 20 செ.மீ. என்றால் 0.202, 30 என்றால் 0.247. இயற்பியல் எடுத்திருக்கும் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுவார்கள்.

புலன்காட்சிப் பாடத்துக்கு உங்கள் மாவட்டமே ஆய்வகம். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் நடைபாதையில் நின்று நேரே பார்த்தால் இரு பக்கச் சுவரும் தூரத்தில் ஒன்றுகூடுவது தெரியும். அங்கே ஒரு படம் எடுத்து ஏ4 தாளில் அச்சிட்டு, சுவர்க் கோடுகளை ஸ்கேலால் நீட்டச் சொல்லுங்கள். அவை சந்திக்கும் புள்ளி எங்கே என்று பார்த்த பிறகு, ஒரே அளவுள்ள இரண்டு காகித மனிதர்களை வெட்டி, ஒன்றை அருகிலும் ஒன்றை அந்தப் புள்ளிக்குப் பக்கத்திலும் ஒட்டட்டும். தூரத்து மனிதன் பெரிதாகத் தெரிவான். தூரக் குறிப்புகளை வைத்து மூளை அளவைத் திருத்திக்கொள்வதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. பாலம் 115 அடி உயரம். உயரத்துக்குப் பயப்படும் பிள்ளையை மேலே வரச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது, அவர் கீழே ஆற்றங்கரையில் நின்று தூண்களைப் படம் எடுக்கலாம்.

நிலா மயக்கத்துக்கு வீட்டு மொட்டை மாடி போதும். அலுவலகப் பஞ்ச் மெஷினால் ஓர் அட்டையில் துளையிட்டு, கையை முழுக்க நீட்டிப் பிடித்தால், 60 செ.மீ. தூரத்தில் அந்த 6 மி.மீ. துளைக்குள் முழுநிலா ஏறத்தாழ அப்படியே அடங்கும். எழும்போது பெரிதாகத் தெரிந்த நிலாவும், இரவு ஒன்பது மணிக்கு மேலே சிறிதாகத் தெரியும் நிலாவும் ஒரே துளைக்குள் ஒரே மாதிரி உட்காருவதைப் பிள்ளைகளே பார்ப்பார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேகம் விடாது, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நல்லது. சித்திரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரி போகிறவர்கள் மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழுவதைக் காணலாம். அப்போது இரண்டுமே பெரிதாகத் தெரிவதை ஒப்பிட்டு எழுதச் சொல்லலாம், ஆனால் சூரியனைத் துளை வழியாகப் பார்க்கவே கூடாது என்பதை அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். 77 மீட்டர் நீளம், காலுக்குக் கீழே கடல். கண்ணாடி தாங்கும் என்று தெரிந்தும் கால் தயங்குவது ஏன் என்று கேட்டுவிட்டு, கிப்சனும் வாக்கும் 1960-ல் வெளியிட்ட காட்சிப் பள்ளப் பரிசோதனைக்குப் போங்கள். கண்ணாடி மேசையின் நடுவே ஒரு பலகை, அதன் ஒரு பக்கம் தரை அருகிலும் மறுபக்கம் ஆழத்திலும் தெரியும். 6 முதல் 14 மாதம் வரையிலான 36 குழந்தைகளில் 27 பேர் நடுப்பலகையை விட்டு நகர்ந்தார்கள். அவர்களில் மூவர் மட்டுமே ஆழமாகத் தெரிந்த கண்ணாடிமேல் தவழ்ந்தார்கள். அந்த வயதுக் குழந்தைகள் ஏற்கெனவே தவழப் பழகியவர்கள், ஆகவே ஆழத்தை அறிவது பிறவியிலேயே உண்டு என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. இந்தக் குறையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

ஆய்வுத் திட்டத்துக்கு நேரடிக் கவனிப்பு நல்ல தொடக்கம். பள்ளி வாசலில் காலை 15 நிமிடம், இருசக்கர வண்டி ஓட்டி வருபவர் ஹெல்மெட் அணிந்திருக்கிறாரா என்று இருவர் தனித்தனியே குறிக்கட்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. 40 வண்டியில் 34-க்கு இருவர் குறிப்பும் ஒத்துப்போனால் 85%. 80-க்குக் கீழே போனால் கண்ணில் குறையில்லை, வரையறையில்தான் குறை. ஹெல்மெட்டைக் கையில் மாட்டியிருப்பவர், வார் போடாதவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர் இவர்களை எப்படிக் குறிப்பது என்று முன்பே எழுதவில்லை என்று பொருள். வரையறையைத் திருத்தி மறுநாள் மீண்டும் எடுக்க வேண்டும். மழை நாளையும் வெயில் நாளையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள், மழைக்கோட்டுத் தொப்பி ஹெல்மெட்டை மறைத்துவிடும். படம் எடுப்பதும் வண்டி எண் குறிப்பதும் கூடவே கூடாது.

இனி உங்கள் பெற்றோர் பற்றிய கேள்வி. பிள்ளைகளிடமும் "மனசைப் படிக்கிற பாடம்" என்ற எண்ணம் இருக்கும். அதை முதல் வாரத்திலேயே ஃபோரர் பரிசோதனையால் தெளிவாக்கலாம். திங்கட்கிழமை பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொல்லி வாங்குங்கள். புதன்கிழமை ஒவ்வொருவர் பெயரும் எழுதி மடித்த "ஆளுமைக் குறிப்பை"க் கொடுங்கள். எல்லாத் தாளிலும் இருப்பது ஒரே பத்து வாக்கியம்: வெளியே கலகலப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் சிலவற்றை யாரிடமும் சொல்வதில்லை, உன் திறமை முழுதையும் இன்னும் பயன்படுத்தவில்லை, எடுத்த முடிவு சரிதானா என்று சில நேரம் கலங்குவாய். தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 5 வரை எழுதி வாங்கிய பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபோரர் 1949-ல் வெளியிட்டபோது அவருடைய மாணவர்கள் கொடுத்த சராசரி 4.26. ஒருவர் உரக்கப் படித்துவிட்டால் எல்லாம் போச்சு, எனவே மதிப்பெண் எழுதும்வரை முழு அமைதி வேண்டும். உண்மையை அதே பீரியடில் சொல்லிவிட வேண்டும், ஏன் மறைத்தோம் என்ற காரணத்தோடு. ஒருவரும் அந்தக் குறிப்பை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. ஜோசியமும் இணையத்தில் வரும் ஆளுமை வினாடிவினாக்களும் ஏன் பொருந்துவதுபோல் தோன்றுகின்றன என்ற பேச்சு அன்றைக்கே தானாக எழும்.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு வாக்கியம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: இந்தப் பாடத்தில் மனிதர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள், நினைவில் வைக்கிறார்கள், கற்கிறார்கள் என்பதை அளந்து படிக்கிறோம். வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் நோயறிதலோ ஆலோசனையோ கிடையாது. அதே தாளில் பரிசோதனைகளில் பங்கேற்க ஒப்புதல் கையெழுத்தும் வாங்கலாம். பெற்றோர் கையெழுத்திட்டாலும் பிள்ளைக்கு அன்று விருப்பமில்லை என்றால் விலகலாம், அதற்கு மதிப்பெண் குறையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவுத் தாளில் பெயர் வேண்டாம், எண் மட்டும்.

ஆனாலும் பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள். கேளுங்கள், ஆனால் ஆலோசகர் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மதிப்பெண் போடுகிறவரே அந்தரங்கம் கேட்கிறவராகவும் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும் என்கின்றன, அந்த நியமனத்தை நிர்வாகத்திடம் இப்போதே கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 எந்த நேரமும் தமிழில் பேசும், அதையும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை என்றால் பெற்றோரோடு பேசி ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை சொன்னாலோ எழுதினாலோ, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மனவெழுச்சிப் பாடத்தில் "உன் வாழ்க்கையின் மிகத் துயரமான நாள்" என்பது போன்ற கட்டுரை கொடுக்கவே வேண்டாம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது கடற்கரை ஊர்களில் ஆரம்பப் பள்ளியில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது பிளஸ் ஒன் வயதில் இருக்கிறார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கமிருந்து வரும் பிள்ளையின் வீட்டில் யார் திரும்பவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2004 சுனாமியைப் பற்றிப் பெற்றோர் இன்னும் பேசாத வீடுகளும் உண்டு. பயம், கோபம் போன்றவற்றுக்கு முகபாவப் படங்களையும் கற்பனைச் சூழல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மனநலக் கோளாறுகள் பாடம் வரும்போது எந்த வகுப்பில் என்ன பேசப் போகிறோம் என்று முந்தைய நாளே சொல்லி, வெளியே இருக்க விரும்புகிறவர் நூலகத்துக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள்.

படிப்பதற்கு: என்.சி.இ.ஆர்.டி. பாடநூல் இணையத்தில் இலவசம், தமிழில் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். மேல்நிலை உளவியல் பாடங்களின் ஆங்கிலம் இன்னும் எளிது, தடுமாறும் பிள்ளைக்கு முதலில் அதைக் கொடுங்கள். உங்கள் தயாரிப்புக்கு இக்னோவின் இ-ஞானகோஷ் தளத்திலுள்ள உளவியல் பாடங்களையும் செய்முறைக் கையேடுகளையும், ஓபன்ஸ்டாக்ஸ் 2020-ல் வெளியிட்ட இலவச உளவியல் பாடநூலின் இரண்டாம் பதிப்பையும் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க உளவியல் சங்கத்தின் பள்ளி ஆசிரியர் அமைப்பான டாப்ஸ் பாடத்திட்டக் குறிப்புகள் தருகிறது. அவற்றின் செயல்பாடுகள் நன்றாக இருக்கும், எடுத்துக்காட்டுகளை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். காணொளியைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். பரிசோதகர் கட்டளையிட்டால் இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி (உண்மையில் போலி) கொடுப்பார்களா என்று மில்கிராம் 1963-ல் வெளியிட்ட ஆய்வைக் காட்டும்போது, 450 வோல்ட் வரை எத்தனை பேர் போவார்கள் என்று நிறுத்திக் கேட்டு எழுதி வாங்கிவிட்டு, பிறகு 40 பேரில் 26 என்ற விடையைச் சொல்லுங்கள்.

இந்திய உளவியல் வரலாறு பாடநூலில் ஒரே மூச்சில் கடந்து போகும். ஜெர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் 1879-ல் உளவியல் ஆய்வகம் தொடங்கியதை எழுதும் பலகையிலேயே, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-ல் உளவியல் துறை தொடங்கியதையும், கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியதையும் எழுதுங்கள். கல்விப் பயணத்துக்குத் திருவனந்தபுரத்தின் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை இருக்கிறது, மார்த்தாண்டத்திலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். துறைத்தலைவருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, எந்தக் கருவிகளைக் காட்ட வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்கான சோதனைகளுக்கு ஜனவரியில் விலைப்புள்ளி கேட்கத் தொடங்கலாம். ஐந்து சோதனைகளும் ஒரு தனிநபர் விவரக் குறிப்பும் அப்போது தேவைப்படும். கையேடு முழுமையாக உள்ளவை, தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ ஒப்பீட்டு அட்டவணை தயாரித்தவை இருந்தால் அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். வந்ததும் பூட்டுள்ள அலமாரியில் வைத்து, நிரப்பிய தாள்களையும் அங்கேயே வைக்க வேண்டும், சாவி உங்களிடம் மட்டும்.